பாறைக்கு விட்ட இடம்

6 ஜூலை, ஞாயிறு

ஓசூரில் காலையிலிருந்து தூறல். பக்கத்துப் பிரஸ் கம்பெனிக்கு இன்று லீவு, அதனால் என் ஒலிப்பதிவு அறை அமைதியாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் திருமலை கம்பெனியின் புனே கிளைக்குப் போய் மூன்று மாதம். போவதற்கு முன் தன் ஊர்த் திருவிழாவுக்கான முனீஸ்வரன் பாட்டை இதே அறையில் பாடிப் பதிந்துவிட்டுப் போனார். மிக்ஸ் செய்து கொடுப்பது என் பொறுப்பு. இன்றுதான் ஹெட்போனை மாட்டினேன். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் மூச்சு இழுக்கிறார், என் காதுக்குப் பக்கத்தில். இரண்டு வரிதான் கேட்க முடிந்தது.

9 ஜூலை

மூச்சையெல்லாம் வெட்டி எறிந்தாயிற்று. குரலுக்கு ரிவர்ப், பெரிய மண்டபத்து எதிரொலி, போட்டேன். கொஞ்சம் போட்டால் ஆள் ஓர் அறைக்குள் இருப்பார். அள்ளிப் போட்டால் மண்டபத்தின் கடைசியில் போய் நிற்பார். நான் அள்ளித்தான் போட்டேன். அங்கேயே நிற்கட்டும். பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்தானே!

12 ஜூலை

அவரிடமிருந்து செய்தி. செப்டம்பரோடு முடியாமல் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறார். இப்போது கேட்கிறார்! ஆனால் கிளம்பின அன்னிக்கு 'போன எடத்துலயே இருந்துக்கோங்க'ன்னு கத்தினவ நான்தானே? இப்ப வாங்கன்னு எந்த வாயால சொல்றது? கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டேன். சே.

20 ஜூலை, ஞாயிறு

கிருஷ்ணகிரிப் பக்கம் அவர் ஊருக்குப் போய்ப் பாட்டைப் போட்டுப் பார்த்தோம். மானம் போயிற்று. கோயில் பாறைமலைக்கு அடியில் இருக்கிறது, கூம்பு ஸ்பீக்கர் நேராகப் பாறையைப் பார்த்துக் கட்டியிருக்கிறது. ஒரு சொல் விட்டால் பாறை அதைத் திருப்பி அனுப்புகிறது. எத்தனை வருடமாக அந்த ஊருக்கு மருமகள், இது தெரியாதா எனக்கு? என் மண்டபமும் அந்தப் பாறையும் சேர்ந்து ஒரே கூழ்.

அவருடைய பெரியப்பா கங்கப்பன்தான் விழாக் கமிட்டியில் பெரியவர். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"பாட்டு சரிதாம்மா. நம்ம பையன் எங்க?"

திரும்பும்போது சூளகிரி வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

21 ஜூலை

மூச்சுகளைத் திரும்ப ஒட்டினேன், ஒவ்வொன்றாக. ரிவர்ப் ஒரு சிட்டிகைதான். அதுவும் சொல் காதில் விழுந்து ஒரு கணம் கழித்துத்தான் தொடங்கும்படி வைத்தேன். அப்போது குரல் முன்னாலேயே நிற்கிறது. நிறுத்திப் பார்த்தால்தான் அது இருந்ததே தெரிகிறது, அவ்வளவு போதும். மீதியைப் பாறை பார்த்துக்கொள்ளும்.

முழுப் பாட்டையும் கேட்டேன். மூன்று மாதமாகக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது கோபமே இல்லை. எனக்கு அவர் வேண்டும்.

27 ஜூலை, ஞாயிறு

திருவிழா. பாட்டு தொடங்கியதும் அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர் பக்கம் நீட்டினேன். முழுவதும் கேட்டார்.

"நான் மூச்சு வாங்கறதெல்லாம் கேக்குது சுவேதா. எப்பவும் வெட்டிருவியே?"

"வெட்டினேன். திரும்ப ஒட்டிட்டேன்."

பாட்டை இரண்டாவது முறை போட்டார்கள். பாறை அவர் வரிகளைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

"வந்துருங்க," என்றேன். "இன்னும் ஒரு வருசமெல்லாம் என்னால ஆவாது."

உம் என்றார். அவ்வளவுதான்.

31 ஜூலை

செய்தி இல்லை. இன்றுதானே கடைசி நாள்? வேலைக்கு நடுவே நாலு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

5 அக்டோபர், ஞாயிறு

அடுத்த பாட்டுக்குப் பதிவு, இதே அறையில். புனேயிலிருந்து திரும்பியவர் மைக்குக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்து நிற்கிறார், மூச்செல்லாம் உள்ளே விழுகிறது. தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.