ஃபேன் மோட்டாரில் வைத்த பொட்டு

2024 அக்டோபர் 8, செவ்வாய்

பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் சத்துணவுக்கூடத்துச் சாவியை உதவியாளர் செங்கமலத்திடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். செவ்வாயும் வெள்ளியும் இதே ஓட்டம்தான். இரண்டரைக்குப் பெரம்பலூரில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் என் வீட்டுக்காரருடைய ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகி வரும். அரியலூரில் இடம் காலியானால் சொல்கிறோம் என்று சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. யாராவது செத்தால்தான் இடம் காலியாகும். அதற்காகக் காத்திருக்கவும் மனசு வரவில்லை.

அவர் இடது கையில் இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா. மெஷின் ஊசி அதில்தான் இறங்கும். தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓடுவது தெரியும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் கையை வைத்ததும் "மோட்டார் ஓடுதா மணி?" என்பார். சிமெண்ட் ஆலையில் இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்த மனுஷன் வேறென்ன கேட்பார்.

வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி. வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் தண்ணீர் வெள்ளையாகப் போகிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுதபூசை. பெரம்பலூர் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட்டோம்.

எல்லோரும் காருக்கு வெளியே சந்தனத்தை அப்புவார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பானெட்டைத் தூக்கச் சொன்னார். "வெளிய வெக்கிறது ஊருக்கு. உள்ள வெக்கிறதுதான் வண்டிக்கு." ஆலையில் ஒவ்வொரு மெஷினுக்கும் அப்படித்தான் வைப்பாராம். குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து வைத்தால் அடுத்த பூசை வரைக்கும் நிற்குமாம். அவர் கை காட்டக் காட்ட நான் வைத்தேன். பேட்டரிக்கு ஒன்று, டைனமோவுக்கு ஒன்று, இன்ஜின் சூட்டைத் தணிக்கிற ஃபேன் மோட்டாருக்கு ஒன்று. எது எங்கே இருக்கிறது என்று இன்றைக்குத்தான் எனக்கே தெரியும். இரண்டு வருஷமாக ஓட்டுகிறேன்!

எழுதும்போது விரல் பட்டு டைரிப் பக்கத்தில் ஒரு சிவப்பு. இருக்கட்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

திரும்பி வரும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை; தலைமகன் மாதிரி இருக்கிறது இந்த வெள்ளை வண்டி ஒன்றுதான். அதுவும் படுத்துவிட்டால் பஸ்ஸில் இவரை எப்படி ஏற்றி இறக்குவேன்?

அரியலூரில் குருமூர்த்தி கடையில் விட்டேன். இவருக்கு நாற்காலி போட்டு, ஃபேனைத் திருப்பிவிட்டு, எனக்கு டீ வாங்கி வரச் சொன்னான். பார்த்தால் தம்பி மாதிரி இருக்கிறான்.

"தூசிக்கா. இந்த ஊரு தூசிக்கு ஃபேன் மோட்டார் எங்க தாங்குது? புதுசு போட்டுர்றேன்."

சரி என்றேன். டம்ளரில் தூசி, இட்லித்தட்டில் தூசி, துவைத்துக் காயப்போட்ட சேலையில் தூசி. எந்தக் கோளாறுக்கும் தூசிதான் காரணம் என்று இந்தப் பக்கம் யார் சொன்னாலும் நாங்கள் தலையாட்டுவோம்.

நவம்பர் 14, வியாழன்

வண்டியை எடுத்து வந்துவிட்டோம். பில் கேட்டதற்கு, "உங்களுக்கு எதுக்குக்கா பில்லு? நான் எங்க ஓடிரப் போறேன்" என்றான். இவர் சும்மா இருக்காமல், "பழைய மோட்டார் எங்க தம்பி?" என்று கேட்டார். எனக்கு முகமெல்லாம் சுருங்கிவிட்டது. நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தவனைப் பார்த்துத் திருடன் என்று கேட்பதுபோல இல்லையா அது? மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"பழைய இரும்போட போயிருச்சுங்க சார். வேணும்னா தேடிப் பாக்கவா?"

வேண்டாம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வரும் வழியெல்லாம் இவர் தலையைச் சாய்த்து வண்டிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி வந்தார். நான்தான் தனியாளாக ஒரு காரியத்தை முடித்துவிட்ட பெருமையில் பேசிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

முள் ஏறவே இல்லை. நல்ல பையன்.

2025 ஜனவரி 22, புதன்

நேற்று எழுத முடியவில்லை. திருச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை கையைத் தொட்டேன். ஒன்றும் ஓடவில்லை. மறுபடி தொட்டேன். காதை வைத்துக் கேட்டேன். மோட்டார் ஓடுதா என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

பெரம்பலூரில் பார்த்துவிட்டு, குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது, உடனே திருச்சிக்குப் போங்கள், சீக்கிரம் அடைப்பை எடுத்தால் குழாய் பிழைக்கும் என்றார்கள். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும். "நம்ம வண்டி இருக்கே" என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

பாடாலூரைத் தாண்டவில்லை. முள் உச்சிக்குப் போனது, முன்னால் ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி நிறுத்தினேன். எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிற தர்மராஜ் என்பவர் ஓடிவந்து பானெட்டைத் தூக்கினார்.

"ஃபேன் ஓடலீங்க. மோட்டார் போச்சு."

"ரெண்டு மாசத்துக்கு முன்னதாங்க புதுசு போட்டோம்."

குனிந்து பார்த்தார். "புதுசா? ஆயுதபூசைப் பொட்டு அப்படியே இருக்கு பாருங்கம்மா. இதைக் கழட்டவே இல்ல. ஒயரைச் சொரண்டி மாட்டியிருக்கான். பனி மாசத்துல எப்படியோ ஓடியிருக்கு."

பார்த்தேன். என் விரலால் நான் வைத்த பொட்டு. நடுவில் கருத்துப்போய் ஓரத்தில் மட்டும் சிவப்பு. டைனமோவிலும் இருந்தது. பேட்டரியில் இல்லை. பேட்டரியே எங்களுடையது இல்லை, முனையெல்லாம் உப்புப் பூத்த ஏதோ ஒரு கிழம். மாற்றினேன் என்று சொன்னதை மாற்றவில்லை. நன்றாக இருந்ததை எடுத்துக்கொண்டான். அந்தப் பானெட்டை நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திறந்து பார்த்திருந்தால்!

சூடு ஆறியபிறகு சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. பெரம்பலூரில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தர்மராஜ் நடுரோட்டில் நின்று கையை நீட்டி நீட்டி, கடைசியில் சின்ன வெங்காயம் ஏற்றிவந்த மினி லாரி ஒன்று நின்றது. முன்னால் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டார்கள். திருச்சிக்கு வந்து சேரும்போது மணி ஒன்றரை.

அடைப்பு எடுபடவில்லை.

"காலையிலயே வந்திருந்தா எடுத்திருக்கலாமா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "எடுத்திருக்கலாம். எடுக்க முடியாமயும் போயிருக்கலாம். சொல்ல முடியாதும்மா" என்றார். நல்ல மனுஷர். உன்னால்தான் என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஜனவரி 26, ஞாயிறு

கழுத்தில் ட்யூப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதன் வழியாகத்தான் இனி மெஷின். தண்ணீர் படக்கூடாது, தூசி படக்கூடாது. தூசி படக்கூடாதாம், இந்த ஊரில்.

சத்துணவுக்கூடத்தில் முட்டை ஒன்று உடைந்து வந்தால் லாரிக்காரனை நிறுத்திக் கேட்பவள் நான். பருப்பு மூட்டையைக் குத்திப் பார்க்காமல் இறக்க விடமாட்டேன். வண்டியை மட்டும் ஏன் அப்படியே கொடுத்தேன்? வேலை தொடங்கும் முன் என்ன செய்யப் போகிறாய் என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். வேறொருவனிடம் காட்டியிருக்க வேண்டும். கழற்றும்போது பக்கத்தில் நின்றிருக்க வேண்டும், என்ன புரிகிறதோ புரியவில்லையோ, நின்றிருந்தாலே அவனுக்குப் பாதி பயம் இருந்திருக்கும். புதுச் சாமான் வந்த அட்டைப்பெட்டியைக் காட்டு என்றிருக்க வேண்டும். பழசைக் கையில் வாங்காமல் நகர்ந்திருக்கக் கூடாது. வண்டியை எடுக்கும்போது பானெட்டைத் திறந்து —

இதையெல்லாம் யாருக்கு எழுதுகிறேன்?

பிப்ரவரி 2, ஞாயிறு

பாடாலூரிலேயே தர்மராஜ் காட்டிய ஆளிடம் வண்டியைச் சரிசெய்தேன். மூன்று மணி நேரம் நின்றபடியே பார்த்தேன். பில் வாங்கினேன். பழைய மோட்டாரைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டேன். பொட்டு அழியாமல் இருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

மோட்டாரைக் குருமூர்த்தியின் மேசையில் வைத்தேன். நாலைந்து பேர் வண்டி எடுக்க வந்து நின்றிருந்தார்கள்.

அவன் கொஞ்சமும் அசரவில்லை. "இதுதாங்க்கா நான் போட்ட புது மோட்டார். புதுச் சாமான் போட்டா ஒரு பொட்டு வெச்சுத்தான் வண்டிய வெளிய விடுவேன்."

"டேய், இது நான் வெச்ச பொட்டுடா. எண்ணெயில குழைச்சு நான் வெச்சது!"

"பொட்டுல பேரா எழுதியிருக்கு? சார் நெலமையில ஏதோ மனசு ஒடிஞ்சு பேசுறீங்க. நான் தப்பா எடுத்துக்கல."

"பேட்டரி?"

"உங்க பேட்டரிதாங்க்கா. தூசியில பொட்டு அழிஞ்சிருக்கும்."

நின்றவர்களில் ஒருவர் பாவம் என்பதுபோல என்னைப் பார்த்தார். அவன் செய்த வேலைக்கு என்னிடம் பில் இல்லை. பழசும் அன்றைக்கு வாங்கவில்லை. பொட்டை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பேன்? எனக்கு டீ சொல்லிவிட்டான் அவன். குடிக்காமல் வந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது இவர் மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கே தெரியும் மணி. ஃபேன் சத்தம் பழைய சத்தம்தான். புதுசுன்னா அப்படி உறுமாது."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு சந்தோஷமா பேசிட்டு வந்தே. ரெண்டு வருஷத்துல அன்னிக்குத்தான் அப்படிப் பேசினே. அதுவும் இல்லாம அவனைப் பகைச்சுக்கிட்டா வண்டிய யார்கிட்ட விடுறது? ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு நெனச்சேன்."

மெஷினைப் பார்த்தபடியே இருந்தேன். அழவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மார்ச் 11, செவ்வாய்

மெஷினில் போட்டதும் குளிர் நடுக்கம். ட்யூப்பில் கிருமி என்கிறார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

ஜுரம் விடவில்லை. காலையில் பழக்கத்தில் இடது கையைத் தொட்டேன். அவர் சிரித்தார். நான் கையை எடுக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று பெரம்பலூர் போக வேண்டிய நாள். போகவில்லை. இனிப் போக வேண்டாம். காலை ஐந்து நாற்பதுக்கு.

ஏப்ரல் 20, ஞாயிறு

பதினாறு நேற்றோடு முடிந்தது. நாத்தனார் பொன்னம்மாள் ஊருக்குக் கிளம்பும்போது பூசை அலமாரியிலிருந்த குங்குமச் சிமிழை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "கண்ணுல பட்டுக்கிட்டே இருக்க வேணாம் அண்ணி" என்றார். நல்ல எண்ணத்தில்தான்.

அவரை எடுத்த அன்றைக்குக் குருமூர்த்தி மாலையோடு வந்தான். கால்மாட்டில் நின்று அழுதான். அந்த அழுகை பொய் இல்லை என்றுதான் தோன்றுகிறது. அதுதான் தாங்கவில்லை. பொய்யாக அழுதிருந்தால் வெறுக்கவாவது முடிந்திருக்கும்.

வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. கண்ணாடியில் தூசி விரலால் எழுதுகிற அளவுக்கு.

அக்டோபர் 1, புதன்

ஆயுதபூசை. வருஷம் திரும்பாத வீட்டில் பண்டிகை இல்லை.

வண்டியை ஆர்த்தி என்கிற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். ரெட்டிபாளையத்துப் பெண். அவள் அப்பாவுக்குப் பெரம்பலூரில் இடம் கிடைத்திருக்கிறதாம், செவ்வாய் வெள்ளி. யாருடைய இடம் என்று நான் கேட்கவில்லை. காலையில் வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

அவள் வருவதற்கு முன் பெட்டிக்கடைக்குப் போய்க் குங்குமப் பொட்டலம் கேட்டேன். கடைக்காரம்மா என் நெற்றியைப் பார்த்தாள். "வண்டிக்கு" என்றேன்.

நல்லெண்ணெயில் குழைத்தேன். ஆர்த்தியைப் பக்கத்தில் நிறுத்திப் பானெட்டைத் தூக்கினேன். பேட்டரி, டைனமோ, ஃபேன் மோட்டார். அவர் சொன்ன அதே வரிசையில்.

"எண்ணெயில எங்க அப்பாவும் இப்படித்தான் வெப்பாருங்க" என்றாள்.

"வெச்சதும் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கம்மா. தேதியோட. வண்டிய எங்க விட்டாலும் எடுக்குறப்ப தொறந்து பாரு. பழசக் கையில வாங்காம வராதே. யாரு டீ குடுத்தாலும்."

எடுத்துக்கொண்டாள். மூன்று போட்டோ. வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன். ஃபேன் சத்தம் நன்றாகத்தான் கேட்டது.

துணியில் சுற்றிய பழைய மோட்டாரை மட்டும் கொடுக்கவில்லை.

விரலில் குங்குமம் ஒட்டியிருக்கிறது. கழுவவில்லை. இந்தப் பக்கத்திலும் பட்டுவிட்டது.