எழுபத்திரண்டு கட்டங்கள்

ஜூலை 8, செவ்வாய்

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன், வந்து பார்த்தால் மறுபடியும் அதே நீலப் பெட்டி. ‘உங்கள் சிஸ்டத்துக்கான ஆதரவு அக்டோபரில் முடிகிறது. புதியதற்கு மாறுங்கள்.’ கீழே இரண்டு பொத்தான்கள்: ‘இப்போது’, ‘பிறகு நினைவூட்டு’. வேண்டவே வேண்டாம் என்று மூன்றாவதாக ஒன்று வைக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. ‘பிறகு’ என்பதை அமுக்கினேன். இந்த மாதத்தில் மட்டும் நாலாவது முறை.

அந்தப் பெட்டி வந்து உட்கார்ந்த இடத்தில் என் மனைவியின் பேச்சுப் பலகையின் கடைசி வரிசை மறைந்துவிட்டது. ‘வலி’ அந்த வரிசையில்தான் இருக்கிறது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் எத்தனை முறை அதைச் சொல்லப் பார்த்தாளோ.

ஜூலை 9, புதன்

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொள்கிறேன். நேரில் போனால் பாதி மறந்துவிடும், மீதியை அவர் கேட்க மாட்டார்.

கம்ப்யூட்டர் வாங்கி எட்டு வருஷம். வீட்டுக்காரிக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து நாலு வருஷம். புத்தி தெளிவாக இருக்கிறது, பேச்சும் கைகாலும்தான் போய்விட்டன. வலது கட்டைவிரல் மட்டும் அசையும். அதற்கு அடியில் ஒரு பொத்தானைக் கட்டியிருக்கிறேன். திரையில் எழுபத்திரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சொல். மஞ்சள் வெளிச்சம் கட்டம் கட்டமாக நகரும். வேண்டிய இடத்துக்கு வந்ததும் அமுக்கினால் கட்டம் பேசும். ‘தண்ணி வேணும்.’ ‘ஃபேன் போடு.’ ‘போதும்.’ இந்தப் புரோகிராமை விற்ற கம்பெனி மூடியாகிவிட்டது. புது சிஸ்டத்தில் இது ஓடுமா?

இது கடைக்காரருக்குத் தேவையில்லாதது: கட்டங்களில் பேசுவது என் குரல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அவசரத்துக்கு நானே பதிவு செய்தேன், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று. மாற்றவில்லை. அவள் என்னை வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். நேரம் மிச்சம் என்று ‘போடு’, ‘எடு’ என்றே பதிந்துவிட்டேன். பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிறவன் புத்தி, எங்கே அரை வினாடி கிடைக்கும் என்றுதான் போகும். ஆக, என் மனைவி என்னிடம் தண்ணீர் கேட்கும்போது நானே என்னை அதட்டுகிறேன். பழகிவிட்டது.

ஜூலை 12, சனி

கடைக்குப் போனேன். காதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு கேட்டார்.

“புதுசுல ஓடாது சார். இப்பவே சொல்லிட்டேன்.”

“அப்ப பழசையே வெச்சுக்கறேன்.”

“தாராளமா. நெட்ட மட்டும் பிடுங்கிடுங்க. அக்டோபருக்கு அப்புறம் கதவத் தொறந்து போட்டுட்டு ஊருக்குப் போன கதைதான்.”

நெட்டைப் பிடுங்கினால் வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்கு வீடியோவில் நடக்கும் பயிற்சி போய்விடும். போனால் போகட்டும், அப்பாடா, புதுசில் பலகை ஓடாது என்று ஒரு காரணம் கிடைத்தது, மாற்ற முடியாது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவரே வழி சொன்னார். “பழைய டிஸ்க்க அப்படியே கழட்டிக் குடுத்துடறேன். புது டிஸ்க்ல புதுசு போடுவோம். பிடிக்கலையா, பத்தே நிமிஷம், பழசு திரும்ப வந்துடும்.”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி தரும் பெண் வந்தாள். போன மாதத்திலிருந்துதான் வருகிறாள். புது சிஸ்டம் இருந்தால் கண்ணாலேயே எழுத்தைத் தேர்ந்து எழுதும் புரோகிராம் போடலாம் என்றாள். சின்ன கேமரா, அது கண்மணி போகும் இடத்தைப் பிடிக்குமாம். மெஷின் குரல்தானே, அதற்கு என் குரல் மேல் என்று சொன்னேன். அவள் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

“சார், இதுல ‘ஏன்’னு ஒரு கட்டம் இல்லையே?”

“எதுக்கு?”

“ஏன், எப்போ, யாரு, எங்க... ஒண்ணுகூட இல்ல. மேடம் எப்படிக் கேள்வி கேப்பாங்க?”

“அவ ஒரு நாளும் கேட்டதில்லையே.”

சொல்லி முடிக்கும்போதே அதன் லட்சணம் எனக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ குறித்துக்கொண்டாள். ‘நன்றி’க்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். முதல் வாரமே வைத்தேன்.

ஜூலை 16, புதன்

இதற்குப் போய் புது சிஸ்டம் எதற்கு, பழையதிலேயே ஒரு ‘ஏன்’ சேர்த்துவிடலாம் என்று சாயங்காலம் மைக்கை எடுத்தேன். ‘நன்றி’ இருந்த கட்டத்தைக் காலி செய்தேன். ‘ஏன்’ என்று சொல்லிப் பதிந்தேன். ஓட்டிக் கேட்டேன். அழித்தேன். மறுபடி பதிந்தேன், அழித்தேன். மூன்று தடவை.

பிறகு அந்த இடத்தில் ‘நன்றி’யையே திரும்ப வைத்துவிட்டேன். கட்டிலிலிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 17, வியாழன்

எழுதிவிடுகிறேன். இங்கேகூட எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதப்போகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், அவள் விழுந்த அன்று காலையில் சண்டை. வாஷிங் மெஷின் பைப் ஒழுகுகிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “எனக்கு வேற வேலை இல்லையா” என்று கத்திவிட்டு ஆபீஸ் போனேன். பத்து இருபதுக்கு அவளிடமிருந்து போன் வந்தது. கூட்டத்தில் இருந்தேன். கட் பண்ணினேன். உடனே இன்னொன்று. கட். மூன்றாவது. கட். அப்புறம் போனையே சத்தமில்லாமல் ஆக்கிவிட்டேன். பைப்புக்குத்தான் கூப்பிடறான்னு நெனச்சேன். பைப்புக்குத்தான்!

வீட்டுக்கு வரும்போது மணி ஆறு. மெஷின் பக்கத்தில் தரையில் கிடந்தாள், கண் திறந்திருந்தது. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை. போன் பையில் இருந்தது, கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அவளிடமும் சொன்னேன். அவள் தங்கையிடம், பக்கத்து வீட்டாரிடம், பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னேன்.

‘ஏன்’ கட்டத்தை நான் வேண்டுமென்று விடவில்லை. சத்தியமாக வேண்டுமென்று விடவில்லை. — விடவில்லையா?

ஜூலை 27, ஞாயிறு

சின்னவள் வந்தாள், அவளுடைய தங்கை. ஞாயிறுதோறும் வந்து அக்காவுக்குத் தலைவாரி விடுவாள்.

“அத்தான், அக்கா கட்டைவிரல் வீங்கியிருக்கே, பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. அதைச் சொல்லாமல், “கூட இருந்து பாத்துக்கறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும்” என்றேன்.

“பாத்துக்கறீங்க, யாரு இல்லேன்னா? ஆனா நீங்க போட்டுக் குடுத்ததத்தானே அவ நாலு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கா. கடைல திரைச்சீலை வித்தவ அத்தான் அவ. ஜன்னல் இல்லாத வீட்டுக்காரனையும் பேசியே வாங்க வெச்சுடுவா.”

சீப்பை எடுத்து மறுபடி அக்கா தலையை வார ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூட்டு வீக்கம். விரலுக்கு மூன்று வாரம் ஓய்வு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதாவது அவளுக்கு மூன்று வாரம் வாய் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஒரு மாதமாகக் கடைக்காரர், பயிற்சிப் பெண், கொழுந்தியாள் என்று ஊரையெல்லாம் கேட்டாகிவிட்டது. இன்றுதான் அவளைக் கேட்டேன்.

“புது சிஸ்டம் போடட்டுமா? கண்ணாலயே எழுதலாமாம். போடணும்னா கண்ணை மேல—”

முடிக்கவில்லை, கண் மேலே போய்விட்டது. போன கண் இறங்கவே இல்லை. “சரி சரி, போடறேன், எறக்கு” என்றேன். அதற்குப் பிறகும் இறக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். பழைய டிஸ்க்கைக் கழற்றி, ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். சோப்புக் கட்டி அளவுதான் இருக்கிறது.

புதுசு ஏற மூன்று மணி நேரம். முப்பத்தேழு சதவீதத்தில் நின்றுவிட்டது. அவர் டீ குடித்துக்கொண்டு, “சில சமயம் இப்படி அடம் பிடிக்கும்” என்றார். அப்படியே நின்று போகட்டும், மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் முப்பத்தெட்டு என்றது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கேமராவைப் பொருத்தி, எழுத்துகளை எப்படிப் பார்ப்பது என்று பயிற்சிப் பெண் காட்டிக்கொடுத்தாள். ஒரு எழுத்தையே உற்றுப் பார்த்தால் அது மேலே ஏறும். முதலில் ‘ரே’. பிறகு ‘டி’. பிறகு ‘யோ’.

“ரேடியோ போடணுமா?” என்று எழுந்தேன்.

“சார், அவங்க முடிக்கட்டும்” என்றாள் அந்தப் பெண்.

ஒன்பது நிமிஷம் ஆனது. பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லுகிற மாதிரி ஒரு பெண் குரல் பேசியது: “ரேடியோ போடறத நிறுத்துங்க.”

நாலு வருஷமாகக் காலை ஏழிலிருந்து எட்டு வரை அவளுக்காக ரேடியோ போடுகிறேன். பொழுது போகும் என்று. பயிற்சிப் பெண் சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன். ரேடியோ இல்லாத வீடு இவ்வளவு நிசப்தமாக இருக்கும் என்று தெரியாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அக்காவும் தங்கையும் ஒரு மணி நேரம் பேசினார்கள். இவள் ஒரு வரி எழுதுவாள், அவள் பத்து வரி பதில் சொல்வாள். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்து தங்கியிருப்பது போல இருக்கிறது. அவளுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும், எனக்குத்தான் அவளைத் தெரியாது.

என்னிடம் ‘ஏன்’ என்று இன்னும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கேட்டுவிட்டாள்.

சாயங்காலம் கஞ்சி கொடுத்து வாய் துடைத்துவிட்டேன். எழுத ஆரம்பித்தாள். வலியா, தலையணையா என்று நான் வழக்கம்போல ஊகித்துக்கொண்டே இருந்தேன். அவள் கண் என் பக்கம் திரும்பவே இல்லை.

“மூணு தடவையும் கட் பண்ணீங்க. ஏன்?”

நான் எப்பேர்ப்பட்ட முட்டாள். மணி அடித்து ஓய்வது வேறு, நடுவில் வெட்டுப்படுவது வேறு. கூப்பிட்டவருக்குத் தெரியாதா? சின்னக் குழந்தைக்கும் தெரியுமே. நாலு வருஷமும் அவளுக்குத் தெரியும். பையில இருந்துச்சு, பையில இருந்துச்சுன்னு நான் வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லச் சொல்ல, படுத்துக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்திருக்கா.

“பைப்புக்குக் கூப்பிடறேன்னு நெனச்சேன்” என்றேன். அழுதேன். அவள் அழவில்லை. மறுபடி எழுதினாள், இந்தத் தடவை நான் ஊகிக்கவில்லை.

“அத கூட மன்னிச்சிருப்பேன். என் முன்னாடியே பொய் சொன்னீங்க. ஒவ்வொரு தடவையும்.”

பிறகு திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 3, புதன்

என்னிடம் எழுதுவதில்லை. கேட்டால் கண் மேலே, கண் கீழே. அவ்வளவுதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

“சின்னவ வீட்டுக்குப் போறேன்.” அனுமதி கேட்கவில்லை, சொன்னாள். எவ்வளவு நாளைக்கு என்றேன். “தெரியல.”

சின்னவள் என் முகத்தைப் பார்க்காமல், “நான் லீவு போட்டிருக்கேன் அத்தான்” என்றாள். முன்பே பேசி முடிவு செய்திருக்கிறார்கள். நான் சமையலறையில் இருந்தபோதுதான் பேசியிருப்பார்கள்.

செப்டம்பர் 13, சனி

வேன் வந்தது. கம்ப்யூட்டரை நானே கழற்றி, எந்த ஒயர் எங்கே என்று காகிதம் ஒட்டிக் கொடுத்தேன். மருந்து வேளை, இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். வேன் கதவைச் சாத்தும்வரை அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்வை என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

இரண்டு மணிக்கொரு தடவை விழிப்பு வருகிறது. புரட்டிவிட ஆள் இல்லை.

செப்டம்பர் 20, சனி

கடைக்காரரை வழியில் பார்த்தேன். “புதுசு எப்படி சார் இருக்கு? பிடிக்கலைன்னா சொல்லுங்க, பத்து நிமிஷ வேலை.” நன்றாக இருக்கிறது, நன்றாகப் பேசுகிறது என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

சாயங்காலம் சின்னவள் போன் செய்தாள். “அக்கா பேசணுமாம்” என்று சொல்லிவிட்டு போனைத் திரைப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அந்தப் பஸ் நிலையக் குரல் வந்தது. முன்பே எழுதி வைத்திருந்ததுதான்.

“தூங்கறீங்களா?”

‘ம், நல்லா’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“இல்ல” என்றேன்.

அந்தப் பக்கம் எழுத்து ஏறும்போது வருகிற ‘டிக்’ சத்தம். ஒன்று, வெகு நேரம் கழித்து இன்னொன்று. என்னவென்று நான் ஊகிக்கவில்லை. ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு நிமிஷம்.

“எனக்கும் தூக்கம் வரல. ஆனா இப்போதைக்கு வர மாட்டேன்.”

“சரி” என்றேன். அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிடுவாளோ என்று பயம் வந்துவிட்டது.

“வேற ஏதாவது கேளு” என்றேன்.