குழலடியில் அறுபத்தைந்து

9 மார்ச் 2009
தேர்தல் அறிவித்தாயிற்று. லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மற்றவர்களுக்கு அலைச்சல், எனக்குத் திருவிழா. எழுத்தரிடம் மறுபடியும் சொல்லலாமே: "பிரெஞ்சுத் தோக்கு சார். எங்க பூட்டனுக்குத் திவான் குடுத்தது. குழலடியில வருசம் வெட்டியிருக்கு பாருங்க, 65. ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தஞ்சு." அவர் பார்ப்பதில்லை. நானும் விடுவதில்லை.

10 மார்ச்
என் மனைவி செசிலி இன்றும் அழுதாள். மகள் பிரிஜாவுக்கு ஏப்ரல் இருபதில் கல்யாணம். "கூடப்பிறந்த அண்ணன் இல்லாமலா பிள்ளையக் கட்டிக்குடுப்பிய?"

கபிரியேல் அண்ணன் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும். 2004 கோயில் திருவிழா மலரில் துப்பாக்கி பற்றிக் கட்டுரை எழுதினேன். ஊர் கூடிய இடத்தில் சொன்னான்: "திவானும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அப்பா கொழும்புல பழசா வாங்கினது." எல்லாரும் சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

12 மார்ச்
ஒப்படைக்குமுன் எண்ணெய் போட, நாகர்கோவிலில் துப்பாக்கி பழுதுபார்க்கும் சுயம்புராஜிடம் போனேன். குழலைக் கழற்றினார். பெருமையாக வருஷத்தைக் காட்டினேன்.

"வருசமா? சாரே, இது தோட்டா போடுற அறைக்க நீளம். அறுபத்தஞ்சு மில்லிமீட்டர். எழுவது தோட்டாவப் போட்டிராதேயும்." பக்கத்தில் ஒரு கிரீடம், கீழே 'பி.டி.' என்று இரண்டெழுத்து. "இது புகையில்லா வெடிமருந்துக்குச் சோதிச்ச முத்திரை. நீரு சொல்லுத வருசத்துல அந்த மருந்தே கெடையாது. இது தொள்ளாயிரத்துக்குப் பொறவு உள்ளது."

அட மடையா! முப்பது வருஷக் கணக்கு வாத்தியார். அலகு எழுதாத பிள்ளைகளுக்கெல்லாம் அரை மார்க் குறைத்தவன். மில்லிமீட்டரை வருஷமாக்கி, கூடப்பிறந்தவனை ஐந்து வருஷம் ஒதுக்கி வைத்திருக்கிறேனே — எனக்கு எத்தனை மார்க் குறைப்பது?

13 மார்ச்
ஒப்படைத்தேன். "இந்தத் தடவ கதை இல்லியா சார்?" என்றார் எழுத்தர்.

15 மார்ச்
கொட்டாரத்துக்கு, அண்ணன் வீட்டுக்கு, பஸ் ஏறினேன். பாதியில் இறங்கித் திரும்பிவிட்டேன். பஸ் பழுதாகிவிட்டது என்று செசிலியிடம் சொன்னேன். வெட்கங்கெட்டவன்.

22 மார்ச்
போய்விட்டேன். வாசலில் நின்றே கொட்டினேன். "அண்ணே, அது வருசமில்ல, தோட்டா அறைக்க நீளமாம். நீ சொன்னதுதான் செரி."

"ஏலே, அதச் சொல்லவா வந்தே? பிள்ளைக்க கல்யாணத்துக்கு விளிக்க வரலியா?"

அழைப்பிதழ் கையில்தான் இருந்தது. நீட்ட மறந்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது.

20 ஏப்ரல்
கல்யாணம் நல்லபடி முடிந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "சாருக்க வீட்டுல ஏதோ பழைய தோக்கு உண்டாமே?"

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். பக்கத்து இலையில் அண்ணன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான்: "பின்னே! எங்க பூட்டனுக்குத் திவான் கையால குடுத்ததாக்கும். எந்தம்பி அதப்பத்தி எழுதியிருக்கான், வாசிச்சுப் பாரும்."

என் பக்கம் திரும்பவேயில்லை. பாயசக்காரனைக் கூப்பிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி விடச் சொன்னான்.