கேள்வி பதினான்குக்கு வந்த மனு

2025 ஜூன் 16, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஒரு மாதம். சமூகநலச் சட்டங்களைச் சீரமைக்க அரசு ஒரு விசாரணைக் குழு போட்டிருக்கிறது. இருபது கேள்விகளை அச்சடித்து, மக்களே கருத்துச் சொல்லுங்கள் என்று ஊர் ஊராகக் கொடுத்திருக்கிறார்கள். செஞ்சி வட்டத்தில் வருகிற மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. ஏற்றியவற்றின் பட்டியலைச் சாயங்காலம் வாசல் பலகையில் ஒட்ட வேண்டும்.

மனுப் பெட்டி முதலில் வெளியேதான் இருந்தது. கோட்டைக் குரங்குகள் கையை விட்டுக் காகிதத்தை உருவிக்கொண்டு ஓடியதால் உள்ளே கொண்டுவந்து, பக்கத்தில் ஆபீஸ் உதவியாளர் ஜகபர் அலி அண்ணனை உட்கார வைத்திருக்கிறார்கள். குரங்குத் தொல்லை தீர்ந்தது. அண்ணன் பேச்சுத் தொல்லை ஆரம்பித்தது.

அவலூர்பேட்டையிலிருந்து ஒருவர் ரேஷன் பாமாயிலைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறார். நல்லா இருக்கட்டும் புண்ணியவான். விரலெல்லாம் வலி.

ஜூன் 18

கேள்வி பதினான்கு: காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியை நான்கு ஆண்டாகக் குறைக்கலாமா?

இதைப் படிக்கும்போதெல்லாம் யாரோ என் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போல் இருக்கிறது. என் வீட்டுக்காரர் நெடுமாறன் போய், வருகிற ஆகஸ்ட் பன்னிரண்டோடு ஏழு வருஷம். சிங்கவரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனார். சைக்கிள் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. போலீஸ், பேப்பர் விளம்பரம், குறி கேட்டது எல்லாம் ஆயிற்று.

வீடு அவர் பேரில் இருக்கிறது. அவர் தம்பி கலியபெருமாள், "அண்ணன் வர்ற வரிக்கும் ஊட்ட நான் பாத்துக்கறேன், நீ உங்க அம்மா ஊட்டுக்குப் போ அண்ணி" என்று வாரத்துக்கு ஒரு தடவை வந்து நிற்கிறான். வக்கீல் அமிர்தவல்லி சொல்லியிருக்கிறார்: "ஏழு வருஷம் முடியட்டும், கோர்ட்ல மனு போட்டு வாரிசு சான்று வாங்கிடலாம். ஆனா அதுக்குள்ள அவரப் பத்தி ஒரே ஒரு சேதி வந்திருந்தாகூட கேஸ் நிக்காதும்மா." அப்புறம் நானும் மகளும் கலியபெருமாள் தயவில்தான்.

நானும் ஒரு மனு எழுதிப் பெட்டியில் போட்டேன். குறையுங்கள் என்று. எனக்கு இனிப் பயனில்லை. எனக்குப் பின்னால் வருகிறவளுக்காவது ஆகட்டும்.

ஜூன் 24

எழுதாமல் இருக்க முடியவில்லை.

மனு எண் 212. பெயர் இல்லை. "ஒரு குடிமகன்" என்று மட்டும். கேள்வி பதினான்குக்கு இரண்டே வரி: "குறைக்க வேண்டாம். போன ஆள் திரும்பி வர நாள் எடுக்கும்."

எழுத்து வலப்பக்கம் மேலே மேலே ஏறிப் போகிறது. பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினாலும் நெடுமாறன் எழுத்து இப்படித்தான் ஏறும்.

முகவரி, என் வீட்டு முகவரி. அதுவும் புது எண்! எண்ணை மாற்றித் தகடு அடித்தது இந்தப் பொங்கலுக்குத்தான். ஏழு வருஷத்துக்கு முன் போனவருக்கு அது எப்படித் தெரியும்?

ஜகபர் அண்ணனைக் கேட்டேன். "காலீலர்ந்து இங்கியேதான் குந்தினு இருக்கறேன். ஒருத்தரும் வந்து போடலம்மா." டீக்குப் போனீங்களா? போகவில்லையாம்.

பழக்கதோஷத்தில் ஏற்றித் தொலைத்தேன். பட்டியலிலும் ஒட்டிவிட்டேன். சீ, என்ன புத்தி எனக்கு.

ஜூன் 25

கலியபெருமாள் வேலையாக இருக்குமோ? இருக்காது. அவனுக்கு அவ்வளவு மூளை கிடையாது.

ஜூலை 3

இன்னொன்று வந்திருக்கிறது. "சன்னலுக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள். நீலமே நன்றாக இருந்தது. கேள்வி பதினான்குக்கு என் பதில் அதேதான்."

என் வீட்டுச் சன்னல்தான். ஏற்றவில்லை. மடித்து ரவிக்கைக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்து கேஸ் அடுப்பில் காட்டிக் கொளுத்தினேன். பொதுமக்கள் அரசுக்குக் கொடுத்த மனு. தெரிந்தால் வேலை போகும். போகட்டும்.

கொளுத்திவிட்டு அழுதேன். உயிரோடு இருக்கிறாரே என்று கொஞ்சம். இருந்துகொண்டா இப்படிச் செய்தார் என்று மிச்சம் முழுக்க.

ஜூலை 4

மகள் பூங்குழலி ஸ்கூல் ஃபாரத்தை நீட்டினாள். "நைனா பேருக்கு முன்னாடி காலஞ்சென்றன்னு போடணுமா, வாணாமா? இன்னா எழுதட்டும்?"

"பேர மட்டும் எழுதுடி இப்ப" என்றேன். என்னைப் பார்த்தபடியே எழுதினாள்.

ஜூலை 9

மூன்றாவது. ஒரே வரி. "என் இரண்டாவது மனு பட்டியலில் இல்லையே, ஏன்?"

அப்படியென்றால் வாசல் பலகைக்கு வந்து படிக்கிறார். நான் உள்ளே தட்டிக்கொண்டிருக்கும்போது, பத்தடி தூரத்தில் நின்று, என் பட்டியலைப் படிக்கிறார். மத்தியானம் பூராவும் சன்னல் வழியாகப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டையின் ராஜகிரிப் பாறையிலிருந்து அனல் அடித்தது. பலகைப் பக்கம் ஒரு குரங்குகூட வரவில்லை. ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறந்தால் இது கிடக்கிறது.

வரணும்னா வாய்யா! வந்து எதிர்ல நில்லு! ஏன் எறும்பு மாதிரி காகிதத்துல ஊர்ந்து ஊர்ந்து வர்ற?

ஜூலை 10

ஒன்றும் வரவில்லை. வரவில்லையே என்றும் இருந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஜூலை 22

பொது விசாரணை. மண்டபம் நிறைந்த கூட்டம். குழுத் தலைவர் அம்மா எண் எண்ணாகக் கூப்பிட்டு, மனு கொடுத்தவர்களைப் பேசச் சொன்னார். என் எண் வந்தது. தாளில் எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

"அவரு செத்துட்டாரா இருக்காரான்னு எனக்குத் தெரியாதுங்க. ஏழு வருஷமா ஒரு பிடி அரிசி சேத்துப் போட்டுத்தான் வடிக்கறேன். எவனாவது வாசல்ல நின்னா ஈரக்குலை நடுங்குது. காத்துனு இருக்கறது பாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஜெயிலு. வர்றவங்க மூஞ்சியக் காட்டி வரட்டும். வராதவங்க எங்கள உட்டுடட்டும்."

அடுத்து 212. மூன்று முறை கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. "வருகை இல்லை" என்று நானே குறிப்பில் தட்டினேன்.

கூட்டம் கலைந்ததும் ஜகபர் அண்ணன் அருகில் வந்தார். வழக்கமான பேச்சு இல்லை, குரலே இறங்கியிருந்தது. "கடைசி பெஞ்சுல ஒருத்தர் துண்டால மொகத்த மூடினு குந்தினு இருந்தாரும்மா. நீ பேசறப்ப எழுந்து நின்னாரு. நீ முடிச்சதும் பாக்கறேன், ஆளக் காணோம். இருக்கறது ஒரே கதவு, அதாண்ட நான்தான் நின்னுனு இருந்தேன். எப்டி போனாரு?"

ஆகஸ்ட் 12

ஏழு வருஷம் முடிந்தது. விசாரணைக்குப் பிறகு அந்த எழுத்தில் எதுவும் வரவில்லை. நாளைக்கு நோட்டரியிடம் போகிறேன்.

ஆகஸ்ட் 13

புளியமரத்தடியில் நோட்டரி மேசை. முகூர்த்த நாள் போலக் கூட்டம். வக்கீல் குமாஸ்தா பிரமாணப் பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டினார்: "காணாமல் போன நாள் முதல் இன்றுவரை என் கணவரைப் பற்றி எனக்கு யாதொரு தகவலும் இல்லை." கையெழுத்துப் போட்டேன். பொய்தான். தெரிந்தேதான் போட்டேன்.

இரண்டு சாட்சி வேண்டும். ஜகபர் அண்ணன் ஒன்று. இன்னொருவருக்கு, குமாஸ்தா வழக்கம்போல வரிசையைப் பார்த்துக் கத்தினார், "யாராவது ஒரு சாட்சிக் கையெழுத்து போட்டுட்டுப் போங்கப்பா!" எங்கள் ஊரில் இது சகஜம். முகம் தெரியாதவருக்கு நாம் போடுவோம், நமக்கு இன்னொருவர் போடுவார்.

என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு பேனாவை வாங்கிக்கொண்டது. விரல் பட்டது. அந்த வெயிலில் கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க உடம்பில் இருந்த பலமெல்லாம் வேண்டியிருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. நின்றது. குமாஸ்தா "அடுத்து" என்றார். அப்போதுதான் திரும்பினேன். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

காகிதத்தில் "சுந்தரமூர்த்தி, சீயமங்கலம்" என்று இருந்தது. பெயர் வேறு, ஊர் வேறு. எழுத்து வலப்பக்கம் மேலே மேலே ஏறிப் போயிருந்தது.

தன்னைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்பதற்குத் தானே சாட்சி போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் மண்டபத்தில் பேசியதைக் கேட்டிருக்கிறார். அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை. காகிதத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"இந்த ரெண்டாவது சாட்சி யாரும்மா, தெரிஞ்சவரா?"

"தெரியாதுங்க" என்றேன்.