முந்தி முழங்கிய முகூர்த்த முரசு

நலம் பெருகுக! செம்மணியாற்றின் வடகரை ஆளும் குன்றவாயில் கோமான், வெண்குடை எழினியார் திருமுன், தென்கரை மருதவரை வேந்தர் திண்டேர் ஆதனாரின் ஆணைப்படி அமைச்சர் செவ்வேளார் வணங்கி வரையும் ஓலை. தங்கள் கோட்டையும் கொற்றமும், கோட்டை மேல் நிற்கும் கடிகாரமும் நீடு வாழ்க. கடிகாரத்தை வாழ்த்த வேண்டாம் என்றார் வேந்தர். வாழ்த்தியே ஆகவேண்டும் என்றார் இளவரசி.

மேலைக்கடல் வணிகர் கொணர்ந்த அந்தப் பல்சக்கரப் பொறி தங்கள் கோபுரத்தில் ஏறிய நாள் முதல் எங்கள் வேந்தருக்கு உறக்கமில்லை. இங்கே, நீரில் மிதக்கும் வட்டில், தன் அடித்துளை வழியே நிரம்பி மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே முரசு முழங்கும். ஆயினும் எங்கள் பூக்காரிகளே அக்கரை மணி கேட்டுத்தான் கடை விரித்தனர். நம் முரசுக்குத் தொண்டை கட்டிவிட்டதோ என்று சந்தையில் ஒருத்தி நகைத்தது வேந்தர் செவியில் விழுந்தது. வயிறு எரிந்தவர், கோணூசி எடுத்து வட்டிலின் துளையைத் தம் கையாலேயே பெரிதாக்கினார். அன்றுமுதல் எங்கள் முரசு தங்கள் மணியை முந்தியது.

எங்கள் இளவரசிக்கும் தங்கள் மைந்தருக்கும் குறித்த திருமண நாளிலும் முந்தியது. ஐந்தாம் நாழிகை முகூர்த்தத்துக்கு முரசு முழங்கியபோது தங்கள் மைந்தரின் படகு நடுவாற்றில் இருந்தது. கடிகாரம் வைத்திருப்போருக்கு நேரம் தெரியாதோ என்று ஏளனம் செய்து, வேந்தர் கோட்டைக் கதவை அடைத்தார். உரிய வேளைக்கே வந்த மணமகன், மாலையும் கழுத்துமாக மூடிய கதவின்முன் நின்று திரும்பினார். சம்பந்தம் முறிந்ததென்று தங்கள் தூதரும் சொல்லிப் போனார்.

இளவரசி அல்லியங்கோதையார் அழவில்லை. பந்தற்காலின் நிழல் இன்னும் நீண்டு கிடக்க, முகூர்த்தம் எப்படிக் கடந்ததென்று ஐயுற்று, வட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துத் துளையைப் பார்த்தார். தந்தைக்கு மகள் பெரிதா, முரசு பெரிதா என்று அவையிலேயே கேட்டார். வேந்தர் கோணூசியை மகள் கையில் வைத்தார்.

ஆகவே, பிழை எங்களது. வளர்பிறைப் பத்தாம் நாள் தங்கள் மைந்தர் மீண்டும் எழுந்தருள்க. கதவு விடியுமுன்னே திறந்திருக்கும், முரசு உறையிலிருக்கும், முகூர்த்தம் தங்கள் மணிப்படியே நடக்கும். இவ்வரிக்கு வேந்தர் பல்லைக் கடித்துக்கொண்டு இசைந்தார்.

சீர் எதுவும் வேண்டாம். அப்பொறி செய்யத் தெரிந்த வணிகர் ஒருவரை மட்டும், சமையற்காரர் கோலத்தில், மணமகன் கூட்டத்தோடு அனுப்புக. தங்களுடையதைவிட ஒரு முழம் உயர்ந்த கோபுரத்துக்கு இங்கே கடைக்கால் தோண்டியாயிற்று.

மருதமர முத்திரை காலைப் பொழுதில் பொறிக்கப்பட்டது. எத்தனையாவது நாழிகை என்று எழுதலாகாது என்பது வேந்தர் கட்டளை.