வெறுங்கைக் கதை

அம்மா,

இன்றைக்குக் காலையில் முதலில் என் கண்ணில் பட்டது, தட்டின் ஓரத்தில் இருந்த மாவு உருண்டைகள். ராத்திரி வாட்ச்மேன் வேலை முடிந்து வருகிற அப்பாவுக்குச் சப்பாத்தி போடலாம் என்று கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மனசு வேறு எங்கேயோ இருந்திருக்கிறது. குனிந்து பார்த்தால், சுண்டைக்காய் அளவில் ஏழெட்டு உருண்டைகள் வரிசையாக இருக்கின்றன. சப்பாத்திக்கு யார் அந்த அளவில் உருட்டுவார்கள்? முகர்ந்து பார்த்தேன். பெருங்காயம் வேறு போட்டிருக்கிறேன். அது கெண்டைக்குத் தூண்டிலில் வைக்கப் பிசைகிற மாவு, அம்மா. நீ போனதிலிருந்து நான் ஏரிப் பக்கமே போகவில்லை. விரல்கள் மட்டும் என்னைக் கேட்காமல் போய்வந்திருக்கின்றன.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றதை நினைத்துக்கொண்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. வந்தாலும் பாதி வரியில் நின்றுவிடும். வகுப்பு சிரிக்கும். ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. அதற்குப் பிறகு பெருங்களத்தூரில் என்னைப் பார்த்த எல்லோருக்கும் ஒரே கேள்விதான். பஸ் ஸ்டாப்பில், ரேஷன் கடையில், குழாயடியில், "ஏம்மா நின்னுட்ட?" நான் தெருவில் இறங்குவதையே விட்டுவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து கடைக்காரர் அனுப்புகிற புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்தேன். புடவை எதுவும் கேட்காது.

நீயும் கேட்கவில்லை. வாரம் முழுக்கப் பொத்தேரி ஆஸ்டல் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துவிட்டு வருவாய். ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் உனக்கு உன்னுடையது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கையில் ஒரு மூங்கில் கழியைக் கொடுத்து, "வா பாப்பா, கேள்வியே கேக்காத எடம் ஒண்ணு கீது" என்றாய்.

ஏரிக்கரைக்கு வந்ததும் நீ வேறு ஆளாகிவிட்டாய். வீட்டில் அப்பா தூங்குகிறார் என்று பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிறவள், புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் சொருகிக்கொண்டு, ஆண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாய். பஞ்சர் கடை காதர் பாய் உன்னைத் தங்கச்சி என்பார். ஆட்டோ ஓட்டும் டில்லி அண்ணனுக்கு நீ அக்கா. நீ மீனே சாப்பிட மாட்டாய் என்று அவர்களுக்குத் தெரியும்.

"துன்னாத மீன எதுக்குக்கா புடிக்கற?" என்றார் டில்லி அண்ணன்.

"நீ ஏறாத பிளேன எதுக்குடா அண்ணாந்து பாக்குற?" என்றாய் நீ, தண்ணீரில் மிதக்கிற தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நீ சொன்னது உண்மைதான். அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. தூண்டிலோடு போகிறவரை 'எங்கே' என்று கேட்டால் மீன் கிடைக்காது. கரையில் இருப்பவரை 'எத்தனை' என்று கேட்டால், கிடைத்ததும் துள்ளி ஓடிவிடும். அது தெரியாமல் புது அபார்ட்மென்ட்டிலிருந்து ஒரு தம்பி, பளபளவென்று சக்கரம் வைத்த தூண்டிலோடு வந்து, "எவ்ளோ கிடைச்சுது ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டான். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏரி இன்னிக்குக் கடைய சாத்திடுச்சு." டில்லி அண்ணன் அவனை வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாக வருகிற மாதிரி வரச் சொன்னார். பாவம், அவன் நாலாவது மாடி வரை ஏறிப் போய் நிஜமாகவே குடித்துவிட்டு வந்தான்.

வண்டலூரில் சிங்கம் கத்தினால் கெண்டை வாயைத் திறக்காது என்பதும் அங்கேதான் தெரிந்தது. சாயங்காலம் காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது ஜூவிலிருந்து அந்தச் சத்தம் ஏரியின் மேல் வரும். எல்லோரும் கழியைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்துக்கொள்வீர்கள், சாமி ஊர்வலம் போகும்போது நிற்கிற மாதிரி.

நான் பயந்தது இன்னொரு வழக்கத்துக்கு. பொழுது சாய்ந்ததும் எல்லோரும் மதகின் மேல் கூடுவீர்கள். மீன் கிடைத்தவர் கூடையைக் காட்டிவிட்டுச் சும்மா உட்காரலாம். கிடைக்காதவர், தன் கையிலிருந்து தப்பித்துப் போன மீனைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். மீனும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் ஒருவர் எழுந்து போனால் ஏரி முறைத்துக்கொள்ளும். அடுத்த வாரம் ஒருவருக்கும் கொடுக்காது. கதை முடிகிறவரை யாரும் சிரிக்கக் கூடாது. 'நிஜமாவா' என்று கேட்கவே கூடாது. "புடிச்ச மீனுக்குக் கொழம்பு, தப்பிச்ச மீனுக்குக் கதை" என்பார் பாய். "ரெண்டுல ஒண்ண வெச்சுட்டுத்தான் எந்திரிக்கணும்."

டில்லி அண்ணன் கதையில் மீன் எப்போதும் அவருடைய ஆட்டோவை இழுத்துக்கொண்டு ஓடும். முதலில் வண்டலூர் வரைக்கும் போயிற்று. போகப் போகச் செங்கல்பட்டைத் தாண்டிவிட்டது. உனக்கு மீன் கிடைப்பதே அபூர்வம் என்பதால் வாராவாரம் உன் கதை உண்டு. "அக்கா, முள்ளுல மாவு வெக்கிறியா, இல்ல சும்மா குளிப்பாட்டுறியா?" என்று அண்ணன் சீண்டுவார். "நீதான் குளிக்கறதில்ல, முள்ளாச்சும் குளிக்கட்டுமே" என்பாய். அப்புறம் ஆரம்பிப்பாய். அன்றைக்கு ஒரு கெளுத்தி. "இழுக்கறேன், இழுக்கறேன், வந்துகினே கீது. மேல ஒரு தலை. பார்த்தா எங்க ஆஸ்டல் வார்டன் மாதிரியே மீசை. என்னப் பார்த்து, 'லீவு லெட்டர் எங்க'ன்னுச்சு. பயந்துபோய் தூண்டில் நரம்பையே விட்டுட்டேன்." பாய் சிரிப்பை அடக்கி அடக்கி இருமல் வந்து, மதகைப் பிடித்துக்கொண்டு எழுந்து அப்பால் போனார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு உன்னைப் பார்ப்பேன். இத்தனை பேர் முகத்துக்கு நேராக எப்படிப் பேசுகிறாய்? உன் வயிற்றில் பிறந்த எனக்கு ஏன் அதில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை?

கதை சொல்லாமல் தப்பிக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. மீன் பிடிப்பது. பயத்தில் பிடித்தேன் அம்மா. கோரைப் பக்கம் எங்கே குமிழி வருகிறது, தக்கை எப்போது வெறுமனே ஆடுகிறது, எப்போது கடித்து ஆடுகிறது என்று உயிரைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு ஜிலேபிக் கெண்டையாவது இல்லாமல் நான் மதகு ஏறியதில்லை. எல்லோரும் என்னை ராசிக்காரி என்றார்கள். "பாப்பா பேசறதில்ல பாரு, அதான் மீன் நம்பி வருது" என்று பாய் தன் தூண்டிலை என் பக்கத்தில் கொண்டுவந்து போடுவார். ராசியில்லை, பயம் என்று உனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அந்த ஐப்பசி மாதத்து ஞாயிறு உனக்கு ஞாபகம் இருக்கும். மழை விட்டிருந்தது. ஏரி கரையை முட்டிக்கொண்டு நின்றது. சிங்கம் சீக்கிரமே கத்திவிட்டது. எதுவுமே கடிக்கவில்லை. மாவை மாற்றினேன், புழு வைத்தேன், இடம் மாறினேன். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நீ எழுந்து, "கொஞ்சம் அந்தாண்ட போட்டுப் பாக்கறேன்" என்று கோரைக்குப் பின்னால் போனாய். திரும்பி வரும்போது என் ஒயர் கூடைக்குப் பக்கத்தில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாய். நான் தக்கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மதகுக்கு என் கூடையை நீயே தூக்கி வந்தாய். டில்லி அண்ணன் தன் கதையை முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாப்பா இன்னிக்குச் சும்மா வந்துட்டா போலக்கீது. சொல்லு பாப்பா, நாங்களும் ரொம்ப நாளா காத்துகினு கீறோம்." எல்லா முகமும் திரும்பியது. வகுப்பில் எழுந்து நின்ற மாதிரியே இருந்தது. எழுந்து ஓடிவிடலாம், இனி இங்கேயும் வரவேண்டாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அப்போது கூடைக்குள் ஏதோ அடித்தது.

"யாருடா சும்மா வந்தவ?" என்றாய் நீ. "கூடையப் பாரு, தபேலா வாசிக்குது."

டில்லி அண்ணன் எடுத்துப் பார்த்தார். கெண்டை. அந்த மழைக்காலத்தில் கரையில் யாருக்குமே அத்தனை பெரிது கிடைத்ததில்லை. "ராசிக்காரின்னா சும்மாவா" என்று பாய் அதன் முதுகைத் தடவினார். நான் உன்னைப் பார்த்தேன். உன் முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. எத்தனை ஞாயிறு வெறும் முள்ளோடு உட்கார்ந்து, கிண்டல் எல்லாம் கேட்டுக்கொண்டு, கடைசியில் உனக்கு வந்த ஒரே பெரிய மீன். "எனக்குத்தான் இன்னிக்கும் நாமம்" என்று கையை விரித்துவிட்டு, நீ நடுவில் போய் உட்கார்ந்தாய்.

அன்றைக்குச் சொன்னாயே, அதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

நீ குரலைத் தாழ்த்திச் சொன்னாய். "கோரைக்கு அப்பால ஒரு விரால் கீது. இம்மாந்தண்டி. சிங்கம் கத்துச்சு இல்ல, அப்ப தலையத் தூக்கிச்சு. விரால் மேல வந்து நம்மள மாதிரியே மூச்சு வாங்கும், தெரியுமில்ல. அது வாங்கிச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நானும் வாங்கினேன். அது விட்டுச்சு. நானும் விட்டேன். ரெண்டு பேரும் ஒரே காத்து. அப்பறம் எப்டி இழுக்கறது, நீங்களே சொல்லுங்க."

யாரும் அசையவில்லை. செங்கல்பட்டு ரயில் ஒன்று தடதடத்துப் போனது. நீ சொல்வது நடக்கவில்லை என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நடந்தது என் கூடையில் துடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் நான் கோரைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இருட்டிக்கொண்டு வரும் தண்ணீரில் ஒரு கறுத்த தலை எழும்பி, என் மூச்சோடு சேர்ந்து ஒரு மூச்சு வாங்கிவிட்டு இறங்குவதைப் பார்த்தேன். சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கிற என் அம்மா, ஏரியில் இல்லாத ஒரு மீனை வாயால் சொல்லியே இறக்கிவிட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னேன். "அந்த மீன் என்னோடது இல்ல."

"யாரு சொன்னா? உன் கூடையிலதானே இருந்துச்சு."

"உனக்கு ஒண்ணும் இல்லாம போச்சும்மா."

"எனக்குக் கதை இருந்துச்சே." ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்ட என் கையைப் பிடித்துக்கொண்டாய். பஸ்கள் போய் வழி கிடைத்ததும் சொன்னாய், "உனக்கும் ஒருநாள் மீன் கிடைக்காது பாப்பா. கிடைக்காதப்ப பாத்துக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்ல."

அடுத்த மழைக்கு நீ இல்லை. காய்ச்சல் என்று படுத்தாய், ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி உன்னைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். என்ன ஆச்சு, எப்போ ஆச்சு, ஏன் முன்னாடியே காட்டல. நான் உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். டில்லி அண்ணனும் காதர் பாயும் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தார்கள். உன்னைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். அவர்கள் மட்டும் எதையும் கேட்கவில்லை.

இன்றைக்கு மத்தியானம் அந்த மாவு உருண்டைகளை இலையில் மடித்துக்கொண்டு கிளம்பினேன். அப்பா விழித்துப் பார்த்தார். மூலையிலிருந்து கழியை எடுத்துக் கொடுத்தார்.

கரையில் உன் இடம் காலியாக இருந்தது. அபார்ட்மென்ட் தம்பி அங்கே உட்காரப் போனான். "அங்க வேணாம் தம்பி" என்றார் டில்லி அண்ணன். "ஏன்ணா?" என்றான். "பாத்தியா, திரும்பவும் கேக்கற." அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்து போனான். பாய் எனக்கு இடம் விட்டார். தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார், "மதகுல இப்பல்லாம் கதை எடுபடறதில்லம்மா. டில்லி ஆட்டோவும் பாதி வழியிலயே நின்னுபோவுது. எழுந்து எழுந்து போயிடறோம்."

வெயில் இறங்கும் நேரத்தில் என் தக்கை முங்கியது. அந்த இழுவையிலேயே தெரிந்தது, நல்ல கெண்டை. சத்தமில்லாமல் எடுத்துக் கூடையில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் நரம்பைக் கழியில் சுற்றிக்கொண்டு மதகு ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

நான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீன் என் தொடையில் அடித்துக்கொண்டே இருந்தது. இதைக் காட்டினால் போதும். ராசிக்காரி என்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். உன் இடத்தில் ஒரு வார்த்தை விழாது.

கோரை ஓரமாக இறங்கி, கூடையைத் தண்ணீரில் சாய்த்தேன். கெண்டை ஒரு கணம் அப்படியே நின்றது, பிறகு போய்விட்டது. மதகு ஏறி, வெறும் கூடையை அவர்கள் நடுவில் வைத்துவிட்டு, உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.