மூன்று முறை பார்த்த வீடு

மார்ச் 3, செவ்வாய்

வீட்டு ஓனர் வந்து சொல்லிவிட்டுப் போனார். கட்டடத்தை இடிக்கப் போகிறாராம், மே மாதத்துக்குள் காலி செய்ய வேண்டுமாம். பதினெட்டு வருஷம் இருந்த வீடு. நியாயமாகப் பார்த்தால் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளுக்குள் ஒரே நிம்மதி. கீழே வெல்டிங் பட்டறை, எதிரே பஸ் ஸ்டாப், மூலையில் சிக்னல். ஆஸ்பத்திரிப் பதிவுக் கவுன்ட்டரில் எட்டு மணி நேரம் கண்ணாடி ஓட்டை வழியாக எல்லாரும் கத்துவதைக் கேட்டுவிட்டு வந்தால், மிச்சச் சத்தம் முழுக்க வீட்டுக்குள் காத்திருக்கும். அலுத்துப் போச்சு.

என் கணவரிடம் சொன்னேன். "சரி, பாப்போம்" என்றார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், எதற்கும் திடீரென்று பிரேக் போட மாட்டார். பார்வை மங்கி லைசென்ஸ் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்து நிதானம் இன்னும் கூடிவிட்டது.

மார்ச் 5

தரகர் போன் செய்தார். அமைதியான குடியிருப்பு, தரைத்தளம், தெரு முழுக்க மரம். "குண்டூசி விழுந்தா கேக்கும்க்கா." தரகர் பேச்சு, விடிஞ்சா போச்சு. ஆனாலும் போய்ப் பார்க்கலாம்.

பக்கத்துக் கவுன்ட்டர்காரி ஒரு யோசனை சொன்னாள். "வீட்டை மூணு தடவை பாக்கணும். காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. அப்பத்தான் குணம் தெரியும்." கட்டிக்கொண்டவரை எத்தனை தடவை பார்த்தாளோ, கேட்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

காலை நேரம் பார்த்தாகிவிட்டது. நான் மட்டும்தான் போனேன். தெருக்கோடியில் ஒரு அம்மா சருகு பெருக்கிக்கொண்டிருந்தார், அந்த விளக்குமாற்றுச் சத்தம் இந்தக் கோடி வரை கேட்டது. இரண்டு அறை. சமையலறையில் பெரிய ஜன்னல், அதற்கு வெளியே சுவரும் கொஞ்சம் செடியும். என்ன தோன்றியதோ, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தலை சுத்துதாக்கா?" என்றார் தரகர்.

"இல்லப்பா" என்றேன். இங்க என்னை யாரும் கூப்பிடலை, அதான்.

மார்ச் 10, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு மத்தியானமும் பார்த்தேன். வெயில் தெரியவில்லை. பஸ் ஏற பன்னிரண்டு நிமிஷம் நடக்க வேண்டும். கடையும் அங்கேதான். நடந்தால் தேய்ந்தா போய்விடுவேன்? மதிலுக்கு மேலிருந்து பக்கத்து வீட்டு அம்மா எத்தனை பேர் என்று கேட்டார். ரெண்டே பேர், பொண்ணு கல்யாணம் ஆகிப் போயிட்டா என்றேன். அவர் முகத்தில் திருப்தி.

மகளிடம் போனில் சொன்னேன். "விட்டுடாதேம்மா. அப்பாவுக்கும் அங்கதான் நல்லது. வண்டி கிண்டி கிடையாது, பயமில்லாம நடப்பார்." ஆமாம்ல?

மார்ச் 12

தொண்டை கட்டிவிட்டது. நாள் முழுக்க அந்த ஜன்னலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, சனி

மூன்றாவது தடவை. சாயங்காலம். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பிடித்துவிட்டால் அங்கேயே பேசி முடித்துவிடுவதாகத்தான் இருந்தேன்.

"நீங்க வாசல்ல நின்னு காத்து வாங்குங்க" என்று நிறுத்திவிட்டு, தரகரோடு குழாயையும் அலமாரியையும் பார்க்க உள்ளே போனேன். பத்து நிமிஷம் இருக்கும். வெளியே வந்தால் ஆளைக் காணோம். நான்கு வீடு தள்ளி ஒரு மதிலைத் தொட்டுக்கொண்டு, மதிலைப் பார்த்தபடி நிற்கிறார். "என்னங்க" என்றேன். எனக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பினார்.

"அங்க என்ன பண்றீங்க?"

"இந்த மரத்தைப் பாத்துட்டு இருந்தேன்."

மரம் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் உள்ளங்கையில் தோல் உராய்ந்து ரத்தம் கசிந்திருந்தது. தரகர் போனை எடுத்து எதையோ பார்க்க ஆரம்பித்துவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று காலை டீக்கடைக்குக் கிளம்பினார். பத்தடி விட்டுப் பின்னாலேயே போனேன், திருடி மாதிரி.

படி இறங்கி நின்றார். பட்டறையில் உரசும் மிஷின் ஓடியதும் அதற்கு முதுகைக் காட்டி நடந்தார். சிக்னலில் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றார். வண்டிகள் எல்லாம் நின்று உறுமுகிற சத்தம் வந்ததும், யாரையும் பிடிக்காமல் கடந்தார். டீக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்து, விரலை மடக்கி, டம்ளரை வைத்தார். அது தினம் நடக்கிற காரியம் என்று பார்த்தாலே தெரிந்தது. பேப்பரை வேறொருவர் படித்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது பட்டறைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "அண்ணன் ஆறு மாசமா இப்படித்தான்க்கா. நீங்க தெரிஞ்சுதான் அனுப்புறீங்கன்னு நினைச்சோம்."

தெருவுக்கே தெரியும். எனக்குத் தெரியாது. தினம் கண் டாக்டருக்கு நாற்பது சீட்டு எழுதுகிறவளுக்குத் தெரியாது.

வந்ததும் கேட்டேன். "எவ்வளவுதான் தெரியுது?"

"வெளிச்சம் தெரியுது. நீ குறுக்க போனா ஒரு நிழல்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா என்னை வெளிய விடமாட்டே."

"அந்தத் தெரு?"

"நல்ல தெருதான். ஆனா அங்க எது எந்தப் பக்கம்னே தெரியலை. ஒண்ணுமே கேக்கலை. அதனால என்ன, நீ நல்லா தூங்குவே. எடுத்துடு."

"தியாகி வேஷம் போடாதீங்க"ன்னு கத்திட்டேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதுக்குக் கோபம்? மறைச்சதுக்கா? எழுதவே கூசுது — எனக்கு முதல்ல தோணினது, ஐயோ அந்த ஜன்னல் போச்சேங்கிறதுதான்.

மார்ச் 17

அந்தத் தெருவையும் அவர் பழகிக்கொள்ள மாட்டாரா? ஒரு கோல் வாங்கிக் கொடுத்தால்? ஆனால் எதை வைத்துப் பழகுவார்? ஏழரைக்குப் போனால் நான் ஆறு மணிக்குத்தான் வருவேன். அதுவரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். கேட்டால் நல்லா இருக்கேன் என்பார்.

நானும் மனுஷிதானே. ஐம்பத்து மூணு வயசாச்சு. எனக்குன்னு ஒரு இடம் வேண்டாமா? வேணும். வேணும்தான். அதுக்கு இவரைக் கொண்டுபோய் அடைச்சு வைக்கணுமா?

மார்ச் 21, சனி

தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"அப்புறம் வருத்தப்படுவீங்கக்கா."

"பட்டுக்கிறேன். பஸ் ஓடுற ரோட்டுல வீடு இருந்தா சொல்லுங்க. பக்கத்துல கடை கண்ணி இருக்கணும்."

"எல்லாரும் அதைத்தான்க்கா வேண்டாம்பாங்க" என்றார்.

மார்ச் 29, ஞாயிறு

டிப்போவுக்குப் போகும் ரோட்டில் ஒரு வீடு. முதல் மாடி. இந்தத் தடவை அவரை முன்னால் விட்டேன். வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டார். "வலது பக்கம் வேகத்தடை இருக்கு. எல்லாரும் அங்க கியரைக் குறைக்கிறான். இடது பக்கம் யாரோ மாவு அரைக்கிறாங்க." போய்ப் பார்த்தேன், இரண்டும் இருந்தது. சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே ஒரு ஓட்டை, அவ்வளவுதான். ஜன்னல் எப்படி என்று கேட்டார், நல்ல ஜன்னல் என்று பொய் சொன்னேன். கணக்குச் சரியாகிவிட்டது.

ஏப்ரல் 5

மாறியாச்சு. முதல் பஸ் நாலே முக்காலுக்கு.

ஏப்ரல் 10, வெள்ளி

தினம் காலை ஆறு மணிக்கு அவரோடு நடை. கோலை வெட்கப்பட்டுக்கொண்டு பிடிக்கிறார். நான் கையைப் பிடித்தால், "உனக்கென்ன கண்டக்டர்னு நினைப்பா, விடு" என்கிறார். அதற்குப் பிறகு வேலைக்கு ஓட வேண்டும். தூக்கமே இல்லை. ஒரு சீட்டில் பெயரை மாற்றி எழுதித் திட்டு வாங்கினேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

எட்டு மணிக்குத் தனியாகப் போய் வருகிறேன் என்றார். நானும் வரட்டுமா என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். படியில் கோல் தட்டுகிற சத்தம் தேய்கிற வரைக்கும் கதவருகே நின்றேன். பிறகு கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கட்டிலில் சும்மா சாய்ந்தேன்.

எழுந்தால் மணி பத்தரை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், படியில் உட்கார்ந்திருக்கிறார். வேட்டியில் முட்டிக்கு மேல் மண். மடியில் ஒரு பன் பொட்டலம்.

"விழுந்தீங்களா?"

"ஒரே ஒரு தடவை."

"எப்ப வந்தீங்க?"

"ஆச்சு, ரொம்ப நேரம்."

"கதவைத் தட்ட வேண்டியதுதானே?"

"தட்டத்தான் கை வச்சேன். உள்ள குறட்டை. சரின்னு உக்காந்துட்டேன். பதினாலு பஸ் போச்சு, நீ ஒண்ணுக்கும் எழுந்திரிக்கலை."

நான் ஒன்றும் குறட்டை விடுவதில்லை என்றேன். சரி என்றார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அங்கேயே உட்கார்ந்து பன்னைப் பிய்த்துச் சாப்பிட்டோம்.